இதயத்துக்கு கிரீன் டீ என்ன செய்கிறது?

கிரீன் டீயும் டீக்கடையில் கொதிக்கும் சாதாரண டீயும் ஒரே செடியிலிருந்து வருபவை. கமேலியா சினென்சிஸ் என்று தாவரவியலில் பெயர் பெற்ற தேயிலைச் செடியின் கொழுந்துதான் இரண்டுக்கும் மூலப்பொருள். பறித்த பிறகு அந்தக் கொழுந்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. சாதாரண டீத்தூளுக்கு இலையை வாடவிட்டு, நசுக்கி, காற்றுப்படப் பரப்பி வைப்பார்கள். அப்போது இலைக்குள் இருக்கும் ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். பச்சை இலை செம்பழுப்பாக மாறும். டீக்கு உரிய நிறமும் மணமும் அந்த நேரத்தில்தான் உண்டாகின்றன.

கிரீன் டீக்கு இந்த மாற்றம் நடக்கவே கூடாது. அதனால் பறித்த கொழுந்தைத் தாமதமின்றிச் சூடேற்றி, நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஜப்பானில் நீராவியில் வேகவைப்பது வழக்கம். சீனாவில் சூடான இரும்புச் சட்டியில் வறுப்பது வழக்கம். நீலகிரித் தொழிற்சாலைகளில் பெருமளவு தயாராவது பால் டீக்கு ஏற்ற சிடிசி வகைச் சாதாரண டீத்தூள்தான் என்றாலும், அங்கும் கிரீன் டீ தயாராகிறது. நொதி வேலை செய்யாததால் இலையில் இயல்பாக இருக்கும் கேட்டெக்கின் என்ற துவர்ப்புப் பொருட்கள் பெரும்பாலும் மாறாமல் தங்கிவிடுகின்றன. சாதாரண டீத்தூளிலோ அவற்றில் பெரும்பகுதி தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருட்களாக உருமாறிவிடும்.

கிரீன் டீயை இதயத்தோடு இணைத்துப் பேசும் எல்லா ஆய்வுகளுக்கும் இந்தக் கேட்டெக்கின்களே மையம். அவற்றில் அளவிலும் ஆற்றலிலும் முதலிடம் வகிப்பது எபிகேலோகேட்டெக்கின் கேலேட். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கி இஜிசிஜி என்பார்கள். ஒரு கோப்பை கிரீன் டீயில் இது ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். இலையின் தரம், தண்ணீரின் சூடு, ஊறவைக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு ஏறும், இறங்கும்.

பழைய நம்பிக்கையும் புதிய வேதியியலும்

தேநீர் இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது. சீனாவில் பௌத்தம் கற்றுத் திரும்பிய ஜப்பானியத் துறவி எய்சாய், 1211-ல் கிஸ்ஸா யோஜோகி என்ற நூலை எழுதினார். தேநீர் அருந்தி உடல்நலம் காப்பதைப் பற்றிய நூல் அது. உடலின் ஐந்து முக்கிய உறுப்புகளுக்கும் ஒவ்வொரு சுவை பிடிக்கும். இதயத்துக்கு உரியது கசப்பு. ஜப்பானியர் கசப்பை உண்பதில்லை என்பதால் அவர்களின் இதயம் நலிகிறது. அந்தக் குறையைத் தேநீர் தீர்க்கும் என்பது அவர் வாதம். அன்றைய சீன மருத்துவக் கோட்பாட்டின்படி அமைந்த விளக்கம் இது. இன்றைய உடலியலோடு இது பொருந்தாது. ஆனாலும் ஜப்பானில் தேநீர்ப் பழக்கம் வேரூன்றியதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

எய்சாய் சொன்ன கசப்புக்குப் பின்னால் இருந்த பொருளைத் தனியே பிரித்தெடுத்துக் காட்ட 20-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. மிச்சியோ சுஜிமுரா என்ற ஜப்பானிய வேளாண் வேதியியலாளர் 1929-ல் கிரீன் டீயிலிருந்து கேட்டெக்கினைப் பிரித்தெடுத்தார். பெண்களை மாணவியராகச் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத உதவியாளராக ஆய்வைத் தொடங்கியவர் அவர். 1932-ல் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணும் அவரே. கிரீன் டீயின் மருத்துவ ஆய்வுகள் அனைத்தும் அவரும் அவருக்குப் பின் வந்தோரும் போட்ட இந்த வேதியியல் அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.

ரத்தக்குழாயில் நடப்பது

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரும்பாலும் காரணம் ரத்தக்குழாய்தான். குழாயின் உட்சுவர் சேதமடையும்போது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகுந்து தங்கும். அங்கே அது ஆக்சிஜனேற்றம் அடையும். அதை விழுங்க வரும் ரத்த வெள்ளணுக்கள் கொழுப்பால் நிறைந்து அங்கேயே மடியும். ஆண்டுக்கணக்கில் இப்படித் தடிக்கும் படிவம் ஒருநாள் வெடித்தால், அந்த இடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து குழாயை அடைக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் நடந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

கேட்டெக்கின்கள் இந்தப் பாதையின் சில கட்டங்களில் குறுக்கிடுகின்றன. முதலாவது, குழாயின் உட்சுவர். அதன் மேல் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலிய உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாயைத் தளர்த்தி விரியச் செய்வதும், ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வாயுவின் வேலை. கேட்டெக்கின்கள் இந்தச் சுரப்பைத் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

மனிதர்களிடம் இதை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுகக் கட்டி, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்திவைப்பார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் வேகமாகப் பாயும். நலமான குழாய் அப்போது உடனே விரிந்து கொடுக்கும். நலிந்த குழாய் விறைப்பாகவே இருக்கும். விரிவு எவ்வளவு என்பதை அல்ட்ராசவுண்ட் கருவி காட்டிவிடும். கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகர மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 14 பேருக்கு 6 கிராம் கிரீன் டீயை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்து இப்படி அளந்தார்கள். குடித்த அரை மணி நேரத்தில் அவர்களின் கைக்குழாய் விரியும் திறன் சராசரியாக 3.69 சதவீதம் கூடியிருந்தது. அதே அளவு கஃபீனை மட்டும் கொடுத்தபோதும், வெறும் வெந்நீர் கொடுத்தபோதும் அந்த மாற்றம் தென்படவில்லை. மிகச் சிறிய ஆய்வு என்றாலும், குடித்தது கிரீன் டீ என்பதால்தான் குழாய் இளகியது என்பதை இது நேரடியாகக் காட்டியது.

இரண்டாவது இடம் குடல். உணவிலும் பித்தநீரிலும் உள்ள கொலஸ்ட்ரால் நுண்துளிகளாகக் கரைந்தால்தான் குடல் அதை உறிஞ்ச முடியும். கேட்டெக்கின்கள் அந்தக் கரைவைக் கெடுக்கின்றன. உறிஞ்சப்படாத கொலஸ்ட்ரால் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. கல்லீரல் ரத்தத்திலிருந்து கூடுதல் எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளவும் கேட்டெக்கின்கள் உதவுவதாக உயிரணு, விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடித்த கேட்டெக்கினில் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறது. அதுவும் ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டிச் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் உயிரணுக்களின் மீது ஊற்றப்படும் செறிவு, கிரீன் டீ குடிப்பவரின் ரத்தத்தில் ஒருபோதும் வருவதில்லை. எனவே ஆய்வகத்தில் கண்ட பலன் அப்படியே மனித உடலிலும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளையே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜப்பான், சீன ஆய்வுகள்

ஜப்பானின் வடகிழக்கில் மியாகி மாவட்டத்தில் ஓசாகி என்ற பகுதி இருக்கிறது. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே பத்தில் எட்டுப் பேர் கிரீன் டீ குடித்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நாளுக்கு மூன்று கோப்பைக்குக் குறையாமல் குடித்தார்கள். தோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 40,530 பேரிடம் 1994-ல் விவரம் சேகரித்து, அடுத்த 11 ஆண்டுகள் வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. நாளுக்கு ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோய்களால் ஏற்பட்ட மரணம் ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 31 சதவீதமும் குறைவாக இருந்தது. பக்கவாத மரணத்தில் குறைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் மரணத்தில் வேறுபாடு தென்படவில்லை.

இங்கே கோப்பை என்பது சுமார் 100 மி.லி. கொள்ளும் சிறிய ஜப்பானியக் கிண்ணம். ஐந்து கோப்பை என்றால் மொத்தம் அரை லிட்டர்தான். தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் பெரிய மக்கில் அது இரண்டு, இரண்டரை முறை குடிக்கும் அளவு. இந்தக் கணக்கைத் தவறவிட்டுவிட்டு, நாளுக்கு ஐந்து மக் கிரீன் டீ கட்டாயம் என்று எண்ணிக்கொள்வோர் உண்டு.

ஜப்பானின் வேறு பகுதிகளில் 82,369 பேரை சராசரியாக 13 ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2013-ல் வெளியானது. நாளுக்கு நான்கு கோப்பைக்குக் குறையாமல் கிரீன் டீ குடித்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் 20 சதவீதம் குறைவு என்று அது கண்டது.

சீனாவில் 1,00,902 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த ஆய்வின் முடிவு 2020-ல் ஐரோப்பிய இதயநோய்த் தடுப்பு இதழில் வந்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது டீ குடிப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்தது. ஐம்பது வயதில் டீப் பழக்கம் உள்ளவருக்கு, பழக்கம் இல்லாதவரைவிட இந்த நோய்கள் 1.41 ஆண்டுகள் தள்ளி வருவதாகவும், ஆயுள் 1.26 ஆண்டுகள் கூடுவதாகவும் கணக்கிட்டார்கள். கிரீன் டீ குடிப்பவர்களிடம் பலன் தெளிவாக இருந்தது. சாதாரண டீ குடித்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சாதாரண டீ குடிப்பவர்கள் மிகச் சிலரே என்பதால், இதை வைத்து அந்த டீக்குப் பயனே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே குடிப்பது பெரும்பாலும் சாதாரண டீ. நாளுக்கு இரண்டு கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்களிடையே எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட மரணம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2022-ல் அந்த ஆய்வு தெரிவித்தது.

எண்கள் எவ்வளவு தூரம் செல்லும்?

இவையெல்லாம் மக்களைக் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுகள். இவ்வகை ஆய்வில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. கிரீன் டீயை விரும்பிக் குடிப்பவர்கள் மற்ற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம். அவர்கள் அதிகம் நடக்கலாம், காய்கறியும் மீனும் கூடுதலாக உண்ணலாம், புகைப்பழக்கம் இல்லாமல் இருக்கலாம். வயது, எடை, புகை, மது போன்றவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்து முடிவைத் திருத்துகிறார்கள் என்றாலும், எல்லா வேறுபாட்டையும் துடைத்துவிட முடியாது. உடல்நலம் ஏற்கெனவே கெட்டவர்கள் டீயைக் குறைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது டீ குடிக்காததால் நோய் வந்தது போன்ற தோற்றம் கிடைக்கும்.

இந்த ஐயத்தை நீக்க உதவுவது, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் கிரீன் டீயைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. கொலஸ்ட்ரால் பற்றி நடந்த அத்தகைய 31 சோதனைகளின் முடிவுகளை 2020-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 3,321 பேர். கிரீன் டீயாலோ அதன் சாற்றாலோ கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாக 4.55 மில்லிகிராம் குறைந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கான கணக்கு இது. நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல்லில் மாற்றம் இல்லை. ரத்த அழுத்தம் பற்றிய 13 சோதனைகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், மேல் அளவும் கீழ் அளவும் ஏறத்தாழ 2 புள்ளி குறைந்திருந்தன.

ஒருவருக்கு எல்டிஎல் 160 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிரீன் டீயால் அது 155 ஆகலாம். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரை, வகையையும் அளவையும் பொறுத்து அதே எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். அதாவது 160 என்பது 110-க்கோ 80-க்கோ வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே முடியாது. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை தேவைப்படும் நிலையில் உள்ள ஒருவர், அதை நிறுத்திவிட்டு கிரீன் டீயை நம்பினால் இழப்பு அவருக்கே.

அதற்காக 2 புள்ளி ரத்த அழுத்தத்தை அற்பம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. பத்து லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டி 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, நடுத்தர வயதில் மேல் ரத்த அழுத்தம் 2 புள்ளி குறைந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பக்கவாத மரணம் சுமார் 10 சதவீதமும் மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய் மரணம் சுமார் 7 சதவீதமும் குறையும். தனி ஒருவரின் ரத்த அழுத்தக் கருவியில் 2 புள்ளி வேறுபாடு கண்ணில் படாது. பல ஆண்டுகள், பல லட்சம் பேர் என்று விரியும்போதுதான் அது உயிர்களாகக் கணக்கில் வரும். ஜப்பானிய ஆய்வுகளில் கிரீன் டீயின் பலன் பக்கவாதத்தில் தூக்கலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பக்கவாதத்தோடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணி ரத்த அழுத்தம்தான்.

அரசு அமைப்புகள் இந்த விஷயத்தில் நிதானமாகவே இருக்கின்றன. கிரீன் டீ இதயநோய் அபாயத்தைக் குறைக்கும் என்று பொட்டலத்தின் மீது அச்சிட அனுமதி கேட்டு ஜப்பானின் இத்தோ என் நிறுவனம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் மனு செய்தது. போதிய நம்பகமான சான்று இல்லை என்று 2006 மே மாதம் அந்த மனு நிராகரிக்கப்பட்டது. அதன்பின் சான்றுகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் மாரடைப்பைத் தடுக்கிறதா என்பதையே இலக்காக வைத்து, ஆயிரக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து நெடுங்காலம் நடத்தும் பெரிய சோதனையின் சான்று கிரீன் டீக்கு இல்லை. கிரீன் டீ இதயத்துக்கு ஓரளவு துணை செய்கிறது என்பது வரை சான்று வலுவாக உள்ளது. அது மருந்துக்கு இணை என்று சொல்லச் சான்று இல்லை.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு

கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு. ஒரு கோப்பையில் ஏறத்தாழ 20 முதல் 45 மில்லிகிராம். அதே அளவு காபியில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கஃபீன் ரத்த அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தும். அதனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கிரீன் டீ குடிக்கலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

ஜப்பானில் 18,000-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. ரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில், நாளுக்கு இரண்டு கோப்பைக்குக் குறையாமல் காபி குடித்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம், காபியே குடிக்காதவர்களைப்போல இரண்டு மடங்காக இருந்தது. கிரீன் டீ குடித்தவர்களிடம் அப்படி அபாயம் கூடவில்லை. கேட்டெக்கின்கள் குழாயைத் தளர்த்துவது கஃபீனின் பாதிப்பை ஈடுசெய்வதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருந்தாலும் படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, தூக்கமின்மை உள்ளவர்கள் மாலைக்குப் பின் கிரீன் டீயைத் தவிர்ப்பது நல்லது.

பாலும் சர்க்கரையும்

பால் சேர்த்தால் டீயின் பலன் போய்விடுமா என்பது நெடுநாள் விவாதம். பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007-ல் 16 பெண்களுக்குச் சாதாரண டீயைக் கொடுத்து, கையின் ரத்தக்குழாய் விரிவை அளந்தார்கள். வெறும் டீயில் குழாய் நன்கு விரிந்தது. பால் கலந்த டீயில் விரியவில்லை. பாலின் கேசீன் புரதம் கேட்டெக்கினோடு பிணைந்துகொள்வதே காரணம் என்றார்கள். ஆனால் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், பால் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. பால் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

சர்க்கரையைப் பற்றி அப்படி ஐயம் எதுவும் இல்லை. டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போடுபவர், ஒரு கோப்பைக்கு 8 முதல் 10 கிராம் வரை சேர்த்துக்கொள்கிறார். நாளுக்கு நான்கு கோப்பை என்றால் 32 முதல் 40 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் உணவில் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டீயிலேயே அந்த 25 கிராமைத் தாண்டிவிடுகிறது. தேன், வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று மாற்றினாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது நிற்காது. பால் டீயிலிருந்து சர்க்கரையில்லாத கிரீன் டீக்கு மாறுபவருக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி இந்தச் சர்க்கரை குறைவதிலிருந்தே வரக்கூடும். கிரீன் டீயிலும் இரண்டு கரண்டி சர்க்கரை போடுபவர் அந்த நன்மையைக் கைநழுவ விடுகிறார்.

மாத்திரை வடிவில் வரும் ஆபத்து

கிரீன் டீயைப் பானமாகக் குடிப்பதும், அதன் சாற்றை மாத்திரையாக விழுங்குவதும் ஒன்று என்று நினைப்பது பெரிய தவறு. உடல் எடையைக் குறைக்கும் என்று விற்கப்பட்ட கிரீன் டீ சாறு மாத்திரை ஒன்று, கல்லீரல் பாதிப்புப் புகார்களால் 2003-ல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சான்றுகளைப் பரிசீலித்து, நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இஜிசிஜி கொண்ட மாத்திரைகள் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கமான கிரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதே ஆணையம் சொன்னது.

காரணம் எளிது. பானமாகக் குடிக்கும்போது கேட்டெக்கின் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உடலுக்குள் போகிறது. மாத்திரையிலோ பல கோப்பைகளின் சத்து ஒரே விழுங்கில் கல்லீரலை எட்டுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் உறிஞ்சல் இன்னும் கூடும். இதயத்துக்கு நல்லது என்று நம்பி இந்த மாத்திரைகளை வாங்குவதில் பயனைவிட அபாயமே பெரிது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, தொடர்ந்த குமட்டல் போன்றவை தெரிந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதய மருந்துகளோடு மோதும் இடங்கள்

இதயநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கிரீன் டீயை எண்ணிக் குடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதில் முதலில் வருகிறார்கள். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களில் பலர் இந்த மாத்திரையில்தான் இருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை கிரீன் டீ குடிக்கத் தொடங்கிய நோயாளி ஒருவருக்கு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 3.79-லிருந்து 1.37-க்குச் சரிந்ததாக 1999-ல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. மருந்தின் வேலை ஏறக்குறைய நின்றுபோனதற்கு அடையாளம் அது. தேயிலையில் உள்ள வைட்டமின் கே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. ஓரிரு கோப்பை வடிநீரில் அந்த வைட்டமின் மிகக் குறைவு. இலையையே பொடியாக்கிக் கரைத்துக் குடிக்கும் மாட்சாவில் அது முழுதாக உடலுக்குள் போகும்.

ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நேடோலால் மாத்திரை பற்றி ஜப்பானின் ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பத்துப் பேர் இரண்டு வாரங்கள் நாளுக்கு 700 மி.லி. கிரீன் டீ குடித்தார்கள். அதன்பின் மாத்திரை கொடுத்தபோது, அவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு 85 சதவீதம் குறைவாக இருந்தது. குடலிலிருந்து மருந்தை ரத்தத்துக்குக் கடத்தும் புரதத்தைக் கேட்டெக்கின்கள் தடுப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சில ஸ்டாட்டின் மருந்துகளின் உறிஞ்சலும் ஓரளவு குறைவதாக வேறு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாத்திரையைக் கிரீன் டீயோடு விழுங்காமல் வெறும் தண்ணீரோடு விழுங்குவதும், தினமும் எவ்வளவு கிரீன் டீ குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்வதும் நோயாளிக்குப் பாதுகாப்பு.

ரத்தசோகை உள்ளவர்களும் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கேட்டெக்கின்கள் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சோகை முற்றினால் இதயம் கூடுதல் வேகத்தில் துடித்து உடலின் தேவையை ஈடுகட்ட வேண்டியிருக்கும். எனவே சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் கிரீன் டீயைச் சேர்க்கக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற பெண்கள் டீ, காபி எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை.

எப்படி, எவ்வளவு?

கிரீன் டீயைப் பால் டீபோலக் கொதிக்கவிடத் தேவையில்லை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை, அதாவது ஏறத்தாழ 2 கிராம் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால் போதும். கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறவைத்தால் கேட்டெக்கின் கூடுதலாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் கசப்பும் துவர்ப்பும் ஏறி, சர்க்கரை இல்லாமல் குடிக்க முடியாதபடி ஆகிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் துவர்ப்பு தணியும். எலுமிச்சையின் வைட்டமின் சி, செரிமானத்தின்போது கேட்டெக்கின் சிதையாமல் காப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

வாய் பொறுக்காத சூட்டில் குடிப்பதும் நல்லதல்ல. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் எச்சரித்தது.

மருந்து எதுவும் எடுக்காத, உடல்நலமுள்ள ஒருவர் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று மக் சர்க்கரையில்லாத கிரீன் டீ குடிக்கலாம். ஜப்பானிய ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவை இது எட்டிவிடும். பிடிக்காதவர்கள் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் சேர்க்காத சாதாரண டீயான கட்டஞ்சாயாவும் அதே செடியின் இலைதான். அதற்கும் சாதகமான சான்று உண்டு.

இதயத்தைக் காப்பதில் பெரும்பங்கு வகிப்பவை புகையை விடுவது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைப்பது, உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது, எழுதித் தந்த மருந்தை நிறுத்தாமல் எடுப்பது ஆகியவைதான். இவற்றைச் செய்பவருக்கு கிரீன் டீ ஒரு நல்ல துணை. செய்யாதவரை அது காப்பாற்றாது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால் எந்தப் பானத்தையும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.